எழுத்தும் எடையும்: ரோமானிய வெள்ளிக் காசுகளை இனங்காணுதல்

கார்த்தேஜுடன் நடந்த இரண்டாம் பியூனிக் போரின் நெருக்கடியில், கி.மு. 211 அளவில் ரோமானியர் அச்சிடத் தொடங்கிய தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு, ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகள் புழங்கியது. பேரரசுக் காலத்துக் காசுகளில் புதிய மன்னரின் உருவத்தை முன்னவரின் சாயலிலேயே செதுக்கும் வழக்கமும் இருந்ததால், முகத்தை மட்டும் நம்பி அடையாளம் சொல்வது பிழைக்கு இடமளிக்கும்.

ஆகவே முதலில் படிக்க வேண்டியது, விளிம்பை ஒட்டி ஓடும் இலத்தீன் எழுத்துத் தொடராகும். இடம் போதாமையால் சொற்கள் சுருக்கப்பட்டிருக்கும். ‘யூ’ என்ற எழுத்துக்கு ‘வி’யே நிற்கும். ‘டி.ஆர்.பி.’ என்பது மக்கள் காப்பாளருக்குரிய அதிகாரத்தைக் குறிப்பது. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால், அதனை அடுத்து எண் இருக்குமாயின் காசு வெளியான ஆண்டையே கணித்துவிடலாம்.

எண் இல்லாத இடத்தில் பின்புற உருவம் துணைநிற்கிறது. கொங்குப் பகுதியில் மிகுதியாகக் கிடைத்துள்ள இரு வகைகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கேடயங்களுக்கும் ஈட்டிகளுக்கும் இருபுறமும் இரு இளைஞர் நின்றால், அது அகஸ்டஸ் தம் வளர்ப்பு மக்களான கேயஸ், லூசியஸ் ஆகியோரைச் சிறப்பித்து, இன்றைய லியோன் நகரில் வெளியிட்ட காசாகும். செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருக்க, ‘தலைமைக் குரு’ எனப் பொருள்படும் சுருக்கம் சூழ்ந்திருந்தால், அது கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸின் காசு. இவ்வகையின் உட்பிரிவுகளை, அப்பெண்ணின் இருக்கைக் கால்களில் உள்ள வேலைப்பாட்டைக் கொண்டுகூடப் பிரித்தறிகின்றனர்.

எழுத்தும் உருவமும் சொல்வதை எடை சரிபார்க்கிறது. ஒரு ரோமானிய இராத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடித்த நிலையை மாற்றி, கி.பி. 64இல் நீரோ 96 காசுகளாக்கியதால், காசின் எடை ஏறத்தாழ 3.9 கிராமிலிருந்து 3.4 கிராமாகக் குறைந்தது. கி.பி. 215இல் காரகல்லா புகுத்திய காசில் மன்னர் இலைமாலைக்கு மாறாகக் கதிர்முடி அணிந்திருப்பார். அதில் பாதியளவே வெள்ளி.

செம்பின்மேல் வெள்ளித்தகடு போர்த்திய பழங்காலப் போலிகளும் உண்டு. தேய்ந்த விளிம்பில் செம்பு தெரிவதே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். அழுக்கு நீக்குவதாகக் கருதிக் காசைத் தேய்ப்பவர், அந்தத் தடயத்தையும் மங்கிய எழுத்தையும் எடையின் ஒரு பகுதியையும் சேர்த்தே அழித்துவிடுகிறார். தேய்க்காத காசே தன் கதையை முழுமையாகச் சொல்லும்.