தாதியரும் சினம் கொண்ட நோயாளியும்

"மிஸ்ஸி! எங்கப்பா வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. பின்னால வந்தவங்களை எல்லாம் உள்ளே கூப்பிடுறீங்க. எங்களைப் பார்த்தா மனுஷனா தெரியலையா?"

ஜொகூரில் எந்த அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இந்தக் குரலைக் கேட்கலாம். "சத்தம் போடாதீங்க" என்று தாதி பதில் சொன்னால் சத்தம் இரட்டிப்பாகும். இந்த இடத்தில் என்ன செய்வது?

காரணத்தைச் சொல்லுங்கள்

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. நோயின் கடுமையைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். இது பலருக்குத் தெரியாது. "ஐயா, உள்ளே ஒருவர் மூச்சுவிடத் திணறுகிறார். அப்பாவுக்கு இப்போது ஆபத்தில்லை. அரை மணிக்கு ஒரு முறை நானே வந்து பார்க்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலோர் அடங்கிவிடுவர். சொன்னபடி போய்ப் பார்ப்பதும் முக்கியம். "பத்து நிமிடம்தான்" என்ற பொய் வாக்கு பிறகு பெரிய சண்டையாகும்.

நோயே கோபமாக வரலாம்

இனிப்புநீர் நோயாளி இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பத்தோடு ஆத்திரமும் வரும். தினமும் மது அருந்தியவர் வார்டில் சேர்ந்த இரண்டு, மூன்று நாள்களில் இல்லாததைக் கண்டு அலறலாம். வயதான பாட்டி இரவில் ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிவதற்குக் கிருமித் தொற்றோ, சிறுநீர் அடைப்போ, வலியோ காரணமாக இருக்கலாம். இவர்களைத் திட்டிப் பயனில்லை. உடனே சர்க்கரை அளவையும் காய்ச்சலையும் பார்த்து, மருத்துவரை அழைக்க வேண்டும்.

மலாய் தெரியாத தமிழ்ப் பாட்டிக்கு, "பாட்டி, எங்கே வலிக்குது?" என்று தமிழில் ஒருவர் கேட்பதே பாதி மருந்து. மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டிலேயே விட்டுவராமல் இருப்பது குடும்பத்தாரின் கடமை.

நிற்கும் விதம்

நோயாளி கையை ஓங்கும் நிலையில் இருந்தால், இரண்டு கை தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வாசல் தாதியின் பக்கம் இருக்கட்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் சேர்ந்து அதட்டினால் நோயாளி மிரள்வார். குரலைத் தாழ்த்தி, "மருந்தை இப்போது சாப்பிடுறீங்களா, கஞ்சி குடிச்ச பிறகா?" என்று தேர்வு கொடுக்கலாம். அடிக்க வந்தால் விலகிப் பாதுகாவலரை அழைப்பதே விவேகம். அது கோழைத்தனம் அல்ல.

தம்போயில் 1937-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனையே இன்றைய பெர்மாய் மருத்துவமனை. மனநலச் சிகிச்சையிலும் பேசித் தணிப்பதே முதல் வழி. கட்டிவைப்பது கடைசி வழி.

பொறுமைக்கும் எல்லை உண்டு

அடி வாங்குவது தாதியின் வேலையில் சேர்ந்ததல்ல. கடமையில் இருக்கும் அரசாங்க ஊழியரைத் தாக்கினால், குற்றவியல் சட்டம் 353-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். சுகாதாரத் துறையில் நடக்கும் வன்முறையைத் தடுக்க உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தாதியர் மன்றமும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2002-இலேயே வழிகாட்டி வெளியிட்டுள்ளன. எனவே நடந்ததை அன்றே எழுத்தில் புகார் செய்ய வேண்டும். மறைத்தால் நாளை அதே கட்டிலருகே நிற்கப்போகும் இன்னொரு தாதிக்கு எச்சரிக்கை கிடைக்காது.