நல்லாயிருக்கும்போது எதற்கு மாத்திரை?

"இப்ப நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" மனச்சோர்வுக்கோ, பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கோ சிகிச்சை பெறுபவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. பலர் டாக்டரிடம் கேட்பதும் இல்லை. மருந்துக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சானடோரியம் சொல்லும் பாடம்

சென்னை குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவது காசநோயாளிகளின் பழைய பழக்கம். வீட்டிலிருந்தபடியே மாத்திரையால் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1956-ல் தொடங்கிய சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியது. தவறாமல் சாப்பிட வேண்டும், அதுதான் நிபந்தனை. ஊழியரின் கண்முன்னே மாத்திரையை விழுங்க வைக்கும் 'டாட்ஸ்' முறைக்கு விதை போட்டதும் சென்னையில் நடந்த ஆய்வுகளே.

மனநிலைக் கோளாறுக்கு அந்த வழி சரிப்படாது. ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் நின்று யார் பார்ப்பது? நீண்டகால நோய்களுக்கு மருந்து சாப்பிடுபவர்களில், வசதியான நாடுகளிலேயே பாதிப் பேர்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது. ஆக, இது மனநோயாளிகளுக்கு மட்டுமே உள்ள குறை அல்ல.

நிறுத்துவதற்குக் காரணம் உண்டு

மாத்திரையை விட்டவரைப் 'பொறுப்பில்லாதவர்' என்று திட்டுவது சுலபம். ராத்திரி போட்ட மாத்திரை காலையிலும் கண்ணைச் சொருக வைக்கிறது. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் முதல் ஷிப்டுக்கு ஓட வேண்டியவர் என்ன செய்வார்? கேண்டீனில் நாலு பேர் முன்னால் காபி டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கினால், கோபம் மாத்திரை மேல்தான் திரும்பும். எடை கூடுகிறது. தாம்பத்திய ஆர்வம் குறைகிறது. இதை வெளியே சொல்லக் கூச்சம். கல்யாணம் நிச்சயமானால், 'மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது' என்று அம்மாவே மாத்திரை அட்டையை ஒளித்து வைப்பதும் நடக்கிறது.

இவற்றில் பலவற்றுக்குத் தீர்வு உண்டு. அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம். பைபோலாருக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்தைச் சாப்பிடும் பெண், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்த மருந்து கருவைப் பாதிக்கும். டாக்டரிடம் சொன்னால்தானே எதையும் மாற்ற முடியும்?

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். திடீரென விட்டால் தலைசுற்றல், ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரலாம். இதைப் பார்த்து 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்' என்று பயப்பட வேண்டாம். படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

லித்தியமும் கத்திரி வெயிலும்

லித்தியத்தின் பயனை ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949-ல் கண்டறிந்தார்; பைபோலார் சிகிச்சையில் அது இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அதன் அளவில் விளையாட முடியாது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வியர்த்துக் கொட்டும் சித்திரை, வைகாசியில் போதுமான தண்ணீர் குடிக்காவிட்டாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், உப்பை அடியோடு குறைத்தாலும் இந்த அளவு ஏறும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் பிரியச் செய்யும் சில மாத்திரைகள் ஆகியவையும் ஏற்றிவிடும். கை நடுக்கம் திடீரென அதிகரித்து, வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும்.

வாழ்க்கை எப்படி இருக்கிறது?

மாத்திரை எத்தனை மீதி என்று எண்ணுவதோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கியபோது, அதில் பங்கேற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள். தூக்கம், வேலைத் திறன், நட்பு, பணம் எல்லாம் வருகின்றன. போக்குவரத்து வசதி பற்றியும் ஒரு கேள்வி உண்டு. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் தினமும் நிற்பவர்கள் அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்பது வேறு கதை! மாத்திரை நோய் திரும்புவதைத் தடுக்கிறது. ஆனால் அதுவே நாள் முழுக்கச் சோர்வைத் தந்தால் வாழ்க்கை மேம்பட்டதாகக் கொள்ள முடியாது. மாத்திரை, வாழ்க்கை இரண்டைப் பற்றியும் டாக்டர் கேட்க வேண்டும், நாமும் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒருவேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போட வேண்டாம். பைபோலார் உள்ளவருக்குத் தூக்கம் குறைந்து, பேச்சும் செலவும் கூடினால் அது நோய் திரும்புவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம்; தூக்கம் கெடாமலிருக்க, நைட் ஷிப்டை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய்க்கு இணையாகவே நடத்த வேண்டும். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், நிறுத்துவதற்கு முன் அதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அவரை உடனே பார்க்க முடியாவிட்டால், மனநல ஆலோசனைக்கான 'டெலி மானஸ்' 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.