ஓட்டத்தில் தூரம் அளக்கும் கண்

பூச்சிகளின் கூட்டுக்கண்ணில் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான சிறுகண்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் தனக்கு நேரே உள்ள சிறு துண்டை மட்டும் பார்க்கும். புடைத்த பரப்பில் அவை வெவ்வேறு திசை நோக்கி நிற்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதும் தெரியும். ஆனால் கூர்மை போய்விடும். மனிதக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். தேனீக்கு ஒரு முழுப் பாகையாவது வேண்டும்.

மனித மூளை இரு கண்களின் படங்களை ஒப்பிட்டுத் தூரத்தைக் கணிக்கிறது. பூச்சியின் கண்களுக்கிடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. கும்பிடுபூச்சி தவிர மற்றவற்றுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. அவை பறந்தே அளக்கின்றன. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும்போது, பக்கவாட்டில் 1 மீட்டரில் உள்ள செடி நொடிக்கு 57 பாகை வீதம் பின்னோக்கி ஓடும். 2 மீட்டரில் உள்ளது அதில் பாதி வேகத்தில்தான் ஓடும். வேகமாக ஓடுவது அருகில் உள்ளது என்று பொருள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பொறியியல் படித்து, ஆஸ்திரேலியாவில் தேனீ ஆய்வாளரான எம்.வி. ஸ்ரீனிவாசனும் ஜெர்மானியரான கிர்ச்னரும் தேனீ இப்படித்தான் தூரத்தை அளக்கிறது என்பதை 1989-இல் எளிமையாகக் காட்டினர். இரு சுவர்களுக்கிடையே தேனீ நடுவில் பறக்கும். ஒரு சுவரைத் தேனீ போகும் திசையிலேயே நகர்த்தினால், அது மெதுவாக ஓடுவதுபோல் தெரியும். தொலைவில் இருப்பதாகக் கொண்டு தேனீ அந்தச் சுவரை நெருங்கிவிடும்.

அதே பெங்களூரில், ஜி.கே.வி.கே. வளாகத்திலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், ஷானன் ஓல்சன் குழுவினர் ஆப்பிள் ஈயை ஒரே இடத்தில் பொருத்திப் பறக்கவிட்டு, சுற்றிலும் திரைகளில் மெய்நிகர் மரங்களைக் காட்டினர். ஈ திரும்பினால் காட்சியும் திரும்பும். வெவ்வேறு அளவிலும் தூரத்திலும் இருந்த பொருள்களை அது இடமாறு தோற்றத்தை, அதாவது அருகிலுள்ளது வேகமாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகர்வதுபோல் தெரிவதை, கொண்டும் பிரித்தறிந்தது. முடிவுகள் 2020-இல் வெளியாயின. ஈக்குத் திரையரங்கு கட்டியது வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆனால் தூரத்தையும் அளவையும் விரும்பியபடி மாற்றிப் பார்க்க இது நல்ல வழி.

பூச்சியின் கண்ணைப் பின்பற்றும் கேமராக்களைப் பொறுத்தவரை 2013 முக்கியமான ஆண்டு. அமெரிக்காவில் ஜான் ரோஜர்ஸ் குழு 180 சிறுவில்லைகளை அரைக்கோளத்தில் பதித்து 160 பாகை அகலக் காட்சியைப் பெற்றது. ஐரோப்பியக் குழு ஒன்று 630 சிறுகண்களுடன் 'கர்வேஸ்' என்ற வளைந்த கண்ணை அமைத்தது. 2024-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் கும்பிடுபூச்சியைப் பின்பற்றி, வளைந்த இரு கண்களின் காட்சிகளை ஒப்பிட்டு ஆழத்தைக் கணித்தனர்.

இக்கேமராக்கள் தரும் இத்தனை குறைந்த புள்ளிகளால் முகத்தையோ எழுத்தையோ படிக்க முடியாது. கணக்கிட வேண்டிய தரவும் அதே அளவுக்குக் குறைவு என்பதால், பெரிய கணினியைச் சுமக்க இயலாத சிறு ட்ரோன்கள் சுவரில் மோதாமல் பறக்க இவை ஏற்றவை.