வேலிக்குள் அடங்கும் வானொலி: காரிலிருந்து படம் பார்க்கும் அரங்குகளின் ஒலியமைப்பு

மோட்டார்க் காரைவிட்டு இறங்காமலே திரைப்படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு அமெரிக்காவிற் பிறந்தது. நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகருக்கு அணித்தாய் 1933 யூன் 6 ஆந் திகதி றிச்சாட் ஹொலிங்சேட் என்பார் முதல் அரங்கைத் திறந்தார். பின்வரிசையிலுள்ள காருக்கு முன்வரிசைக் கார் மறைப்பாகாதவாறு நிலத்தைப் படிப்படியான மேடுகளாய் அமைத்தமையே அவருடைய புதுமையாகும். காட்சி பற்றிய சிக்கல் அவ்வாறு தீர்ந்தது. ஒலி பற்றிய சிக்கலோ தீரவில்லை.

தொடக்கத்தில் திரையின் அருகே பெரிய ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்லும். ஆகவே திரையிலிருந்து 170 மீற்றர் அப்பால் நிற்பவனுக்கு, நடிகன் வாயசைத்து அரைச் செக்கன் கழிந்த பின்னரே அவன் பேச்சுக் கேட்கும். பின்வரிசைக்கு எட்டுமாறு ஒலியைக் கூட்டினால் முன்வரிசையோர் செவி துன்புறும். அயலில் வாழ்வோர் உறக்கமுங் கெடும். இரண்டாம் உலகப் போரின் பின்னர், கார்க் கண்ணாடியில் மாட்டிவைக்குஞ் சிறிய ஒலிபெருக்கி பரவலாயிற்று. அரங்குக்கு வெளியே ஓசை செல்வது இதனாற் குறைந்ததாயினும், மழையிலும் வெயிலிலும் கம்பிகள் பழுதுற்றன. கழற்ற மறந்து காரைச் செலுத்துவோர் கம்பியையும் அறுத்துச் சென்றனர். 1970 களில் வானொலி வழியாக ஒலியைக் காருக்குள் அனுப்பும் முறை தோன்றி, காலப்போக்கில் எப். எம். ஒலிபரப்பே பொதுவழக்காயிற்று.

எப். எம். முறையை வகுத்த எட்வின் ஆம்ஸ்ரோங் என்னும் பொறியியலாளர் அதற்குரிய காப்புரிமைகளைப் பெற்றதும் அதே 1933 ஆம் ஆண்டிலேயாம். அலையொன்று ஒரு செக்கனில் எத்தனை முறை அதிருகின்றதோ அத்தொகை மீடிறன் எனப்படும். பழைய முறையில் அலையின் வீச்சம் ஒலிக்கேற்பக் கூடிக் குறையும். மின்னலும் இயந்திரத் தீப்பொறியும் வீச்சத்தையே பெரிதும் தாக்குவதால் அங்கு இரைச்சல் மிகும். எப். எம். முறையில் வீச்சம் மாறாதிருக்க, மீடிறனே ஒலிக்கேற்ப ஏறியிறங்கும். ஆதலின் இரைச்சல் குறையும். இதற்கு இன்னொரு பண்பும் உண்டு. ஒரே மீடிறனில் இரண்டு ஒலிபரப்புகள் வந்தால், வாங்கி அவற்றுள் வலியதையே பற்றி மற்றதை அடக்கிவிடும். அரங்கினுள்ளே இது நன்மை பயக்கும். வேலியைத் தாண்டினாலோ அதுவே தீங்காகும். அயல்வீட்டார் கேட்கும் நிலையத்தை அரங்கின் ஒலி விழுங்கிவிடும். ஆகவே ஒலிபரப்பியைத் தெரிவுசெய்வோன் ‘இஃது எவ்வளவு தூரம் செல்லும்?’ என்று மட்டும் வினவுதல் போதாது. ‘இஃது எங்கே நிற்கும்?’ என்றும் வினவுதல் வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் இவ்வெல்லையை எண்ணாலே கூறுகின்றது. 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையுள்ள எப். எம். பரப்பில், உரிமம் பெறாத கருவியின் அலைச்செறிவு 3 மீற்றர் தொலைவில் மீற்றருக்கு 250 மைக்கிரோவோல்ற்றுக்கு மேற்படலாகாது. வலுவாகக் கணக்கிட்டால் இஃது ஓர் உவாற்றின் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கேயாம். இதன் பயன்படுதூரம் சுமார் 60 மீற்றர். பல நூறு கார்கள் நிற்கும் பரந்த வெளிக்கு இது போதாமையால், பல உவாற்று வலுவுள்ள மலிவான கருவியை வாங்கும் ஆசை எழுகின்றது. 2020 ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்திற் பல நாடுகளில் வாகனத் தரிப்பிடங்கள் தற்காலிக அரங்குகளாக மாறியபோது, முன்னனுபவமற்ற பலர் இத்தெரிவைச் செய்ய நேர்ந்தது.

அவ்வாசையின் கேடு அயலார் வானொலியோடு முடிவதன்று. எப். எம். பரப்பின் மேலெல்லையாகிய 108 மெகாஹேட்ஸை ஒட்டியே வானூர்திகளின் வழிகாட்டலுக்கும் பேச்சுத்தொடர்புக்கும் உரிய பரப்புத் தொடங்குகின்றது. தரங்குறைந்த ஒலிபரப்பி தனக்குரிய மீடிறனில் மட்டுமன்றி வேண்டாத பிற மீடிறன்களிலும் அலைகளை உமிழும். தரையிறங்கும் வானூர்தியின் வாங்கியில் அவ்வலை புகுமாயின், ஒரு மாலைப்பொழுதின் கேளிக்கை பல உயிர்களுக்கு இடராகலாம். எனவே முறைப்படி சோதித்துச் சான்றளிக்கப்பட்டது, மீடிறன் நிலைபெயராதது, வேண்டா அலைகளை வடிக்குஞ் சுற்றுடையது, வலுவைக் குறைக்க வசதியுடையது என்னும் நான்கும் பொருந்திய கருவியையே கொள்ளல் வேண்டும். சட்ட எல்லைக்கு மேற்பட்ட வலு தேவையாயின், அந்நாட்டு வானொலி அதிகாரத்திடம் முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும்.

அடுத்தது அலைவரிசைத் தெரிவு. அமெரிக்காவில் 88.1 முதல் 107.9 வரை 0.2 இடைவெளியில் நூறு அலைவரிசைகள் உள. அவற்றுள் வெறுமையான ஒன்றைத் தேர்ந்தால் மட்டும் போதாது. அதன் இருமருங்கிலும் உள்ளவையும் வெறுமையாயிருத்தல் நன்று. இச்சோதனையைப் பட்டப்பகலில் அறையிலிருந்து செய்யாது, படம் நடைபெறும் இரவு வேளையில், அரங்கின் நான்கு மூலைகளிலும் காரை நிறுத்தி அதன் வானொலியாலேயே செய்தல் வேண்டும். கோடைகால இரவுகளிற் சிலவேளை தொலைதூர நிலையங்களும் கேட்கும். பகலில் வெறுமையாய்த் தோன்றிய இடம் இரவில் நிரம்பியிருத்தல் கூடும்.

உணர்கொம்பின் இடமும் உயரமும் வலுவினும் முதன்மையானவை. 120 மீற்றர் நீளமான வெளியின் ஓரத்தில் அதை நிறுத்தினால் 60 மீற்றர் தூரஞ் செல்லும் அலை பாதியையே அடையும். நடுவில் நிறுத்தினால் அதே அலை இரு முனைகளையும் எட்டும். திரைக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றினாலோ அலை வேலியைக் கடந்து ஊருக்குட் செல்லும். கார்களிற் பல செங்குத்தான உணர்கொம்பு உடையனவாதலின் அரங்கின் கொம்பும் செங்குத்தாயிருத்தல் பொருந்தும். 100 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். அதன் காற்பங்கு நீளமுள்ள கொம்பு சுமார் 75 சதமமீற்றராகும். நீளம் பொருந்தாவிடின் வலுவின் ஒரு பகுதி கருவிக்கே திரும்பும். கொம்பைப் பொருத்தாது வலுமிக்க கருவியை இயக்கினால் அதன் இறுதிச்சுற்று எரிந்துபோதலும் உண்டு.

இறுதியாக ஒலியைச் சீர்செய்தல். பெரும்பாலான திரைப்படங்களில் உரையாடல் நடுவொலிபெருக்கிக்குரிய தனித்தடத்தில் அமைந்துள்ளது. காரிலோ இடம், வலம் என இரண்டே உள. நடுத்தடத்தை இரண்டிலும் உரிய அளவிற் கலவாது விட்டால், இசை முழங்கப் பேச்சு மறைந்துவிடும். பேரோசைக்கும் மெல்லோசைக்கும் உள்ள வேறுபாட்டையுஞ் சற்றுக் குறைத்தல் நன்று. இல்லையேல் காரில் இருப்போர் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே பொழுதைக் கழிப்பர். எப். எம். முறையில் மீடிறன் தன் நடுநிலையிலிருந்து இருபுறமும் 75 கிலோஹேட்ஸ் வரையே விலகலாம். உள்ளிடும் ஒலி மிகுந்தால் பேச்சுக் கரகரத்து அயல் அலைவரிசையிலும் புகும். குறைந்தால் இரைச்சல் மேலோங்கும். உள்ளூர் நிலையமொன்றைக் கேட்டு, அதன் ஒலியளவுக்கு இணையாகச் சரிசெய்தல் எளிய வழி. இருதட ஒலிக்கு ஒருதட ஒலியினும் வலிய அலை வேண்டும். ஆகவே பின்வரிசையில் இரைச்சல் கேட்டால், வலுவைக் கூட்டுமுன் ஒருதட ஒலிக்கு மாற்றிப் பார்த்தல் தகும்.

இவையாவும் முடிந்தபின் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து கேட்க, மற்றொருவர் வலுவைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். அவ்வரிசையில் ஒலி தெளிவாயிருக்கும் மிகக் குறைந்த வலுவே அவ்வரங்குக்கு வேண்டிய வலு. அது சட்ட எல்லைக்கு உட்பட்டதா என்பதையும், வேலிக்கு வெளியே எவ்வளவு தூரங் கேட்கின்றது என்பதையும் சுற்றிச் சென்று அறிதல் வேண்டும்.

1933 இல் எழுந்த குறைகள் இரண்டு: ஒலி தன் பார்வையாளரைப் பிந்தி அடைந்தது, தனக்குரியரல்லாத அயலாரையும் அடைந்தது. முதற்குறையை வானொலி தானே நீக்கிவிட்டது, அதன் வேகம் ஒளியின் வேகமாதலின். இரண்டாவதை எந்தக் கருவியுந் தானே நீக்காது. அயலார் செவிக்குக் கேளாத அலையாயினும், அவர் வானொலியிலும் வானூர்தியின் வாங்கியிலும் அது புகும் என்பதை அரங்கை நடத்துவோர் எண்ணிச் செயற்படுதல் வேண்டும்.