பெயரை எடுத்தால் ஆள் மறையுமா?

சட்ட மாணவர் ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசித் திகதி நெருங்குகிறது. ஏறாவூரிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்: “பெயரை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்கிறார்கள். பெயரில்லாமலா போடப் போகிறார்கள்?”

இல்லை. அச்சில் பெயர் வரும். தெரிவு செய்யும்போதுதான் வராது.

இத்தகைய இதழ்களில் மாணவரே ஆசிரியர்கள். 1887இல் தொடங்கிய ஹார்வர்ட் இதழில் இன்றும் அப்படித்தான். மூன்றாம் வருடப் பிள்ளை ஒருத்தி விரிவுரையாளரின் கட்டுரையையே திருப்பி அனுப்பலாம். அது சேருடையது என்று தெரிந்தால் அனுப்புவாளா? அதற்குத்தான் இந்தத் திரை. நல்ல யோசனை, ஊர் பெரிதாக இருந்தால்.

முக்குவர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் முதுசம் மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போன வழமை அது. பிரிட்டோ என்பவர் 1876இல் அதைப் பற்றி நூல் எழுதினார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் கதையை முடித்துவிட்டது. இன்று இதைப் பற்றி எழுதக்கூடியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். படுவான்கரைக் காணி உறுதி ஒன்று அடிக்குறிப்பில் வந்தால் போதும், எழுதியது யாரென்று கொழும்பிலும் தெரியும். சிலர் அந்தச் சிரமத்தையும் வைப்பதில்லை. முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டு, “எனது முந்தைய கட்டுரையில் குறிப்பிட்டபடி” என்று ஆண்டோடு எழுதுவார்கள். கணினிக் கோப்பின் விவரப் பகுதியிலும் முழுப் பெயர் அப்படியே கிடக்கும்.

ஆகவே “பெயரறியா மீளாய்வு” என்று அறிவித்தலில் தடித்த எழுத்தில் இருந்தால், “பெயர் தெரியாததுபோல் நடந்துகொள்ள முயல்வோம்” என்று வாசியுங்கள். அந்த முயற்சிக்கும் பெறுமதி உண்டு. வாசிக்கிற பிள்ளைக்கு “எனக்குத் தெரியாதே” என்று சொல்ல ஒரு சாட்டாவது கிடைக்கிறது.

மற்றக் கேள்விகள்:

தமிழில் எழுதலாமா? சட்டக் கல்லூரித் தமிழ் மாணவர்களின் ‘நீதிமுரசு’க்கு எழுதலாம், ஆங்கில இதழுக்கு முடியாது.

ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு அனுப்பலாமா? அமெரிக்காவில் அது வழமை. இங்கே அறிவித்தலைப் பார்த்துச் செய்யுங்கள்.

சன்மானம் உண்டா? இல்லை.

அவர்கள் காசு கேட்டால்? அனுப்பாதீர்கள்.

மகள் எழுதியதைத் தகப்பன் திருத்திக் கொடுக்கலாமா? எழுத்துப்பிழை மட்டும், ஐயா.