பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விட மறுக்கிறதா? டெர்மினலில் லாகின், லாக்அவுட் பிரச்சினைகள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் பயப்படும் விஷயங்கள் இரண்டு. ஒன்று வைரஸ். மற்றொன்று, எழுத்துகள் மட்டுமே தெரியும் கறுப்புத் திரை. இந்தக் கறுப்புத் திரையைத்தான் டெர்மினல் என்கிறோம். உண்மையில், கம்ப்யூட்டர் நம்மை உள்ளே விட மறுக்கும் நேரத்தில் கைகொடுப்பது இந்தத் திரைதான். இதை என் மாமாவின் லேப்டாப்பில் நேரிலேயே பார்த்தேன்.

மாமா பணி ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்தார். "மாப்ள, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். ஸ்கிரீன் ஒரு நொடி கறுப்பாகி, திரும்பவும் பாஸ்வேர்டு கேக்குது. கடையில காட்டினேன், ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க" என்றார். குரலில் பதற்றம். வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறெங்கும் காப்பி கிடையாது. "ஃபார்மட் வேண்டாம் மாமா, பத்து நிமிஷம் கொடுங்க" என்றேன்.

முதலில் இதைக் கவனியுங்கள்

லாகின் ஆகவில்லை என்றால் அதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. பாஸ்வேர்டு தவறு என்று செய்தி வந்தால், நீங்கள் டைப் செய்ததில்தான் தவறு. செய்தி எதுவும் வராமல் திரை மின்னி மறுபடியும் லாகின் பக்கத்துக்கே வந்தால், பாஸ்வேர்டு சரி. அதன் பிறகு டெஸ்க்டாப்பைத் திறக்க முடியாமல் சிஸ்டம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். மாமாவுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை.

கறுப்புத் திரைக்குள் நுழைவது எப்படி?

கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்3 கீயைத் தட்டுங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். லாகின் என்ற வார்த்தையுடன் டெர்மினல் வரும். இங்கே யூசர் பெயரைச் சின்ன எழுத்தில் கொடுங்கள். டெஸ்க்டாப்பில் தெரியும் முழுப்பெயர் இங்கே செல்லாது. கம்ப்யூட்டரை நிறுவும்போது கொடுத்த யூசர் பெயர்தான் வேண்டும்.

அடுத்து பாஸ்வேர்டு கேட்கும். மாமா உடனே, "மாப்ள, கீபோர்டும் போச்சு! என்ன அடிச்சாலும் ஒண்ணும் விழல" என்றார். புதியவர்கள் எல்லோருமே ஏமாறும் இடம் இது. இங்கே நீங்கள் டைப் செய்வது எதுவும் தெரியாது, நட்சத்திரக் குறிகள்கூட வராது. பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்பதைப் பக்கத்தில் இருப்பவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தைரியமாக டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள்.

"லாகின் இன்கரெக்ட்" என்று வந்தால்

யூசர் பெயர் தவறா, பாஸ்வேர்டு தவறா என்று இந்தச் செய்தி சொல்லாது. சொன்னால், பெயர் சரி என்பது திருட வந்தவனுக்கும் தெரிந்துவிடுமே! எனவே நாம்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

1. கேப்ஸ் லாக் எரிகிறதா பாருங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு.

2. பாஸ்வேர்டில் எண் இருந்தால் நம் லாக்கைக் கவனியுங்கள். கீபோர்டின் வலப்பக்க எண் கீகளைத் தவிர்த்து, மேல் வரிசை எண்களைப் பயன்படுத்துவது நல்லது.

3. கீபோர்டு அமைப்பு மாறியிருக்கலாம். அமெரிக்க அமைப்பில் ஷிஃப்டுடன் 2 அழுத்தினால் அட் குறி வரும். பிரிட்டிஷ் அமைப்பில் அதே கீயில் இரட்டை மேற்கோள் குறி வரும். யூசர் பெயர் கேட்கும் இடத்தில் டைப் செய்வது கண்ணுக்குத் தெரியும் அல்லவா? அங்கே அந்தக் குறியை மட்டும் அடித்துப் பார்த்து, பேக்ஸ்பேஸ் கொடுத்து அழித்துவிடுங்கள். முழு பாஸ்வேர்டை அங்கே அடிக்க வேண்டாம்.

4. டெஸ்க்டாப் லாகின் பக்கத்தில் தமிழ் கீபோர்டு தேர்வாகியிருந்தாலும் பாஸ்வேர்டு தவறு என்றே வரும். மூலையில் உள்ள மொழிக் குறியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

5. ரூட் என்ற பெயரில் நுழைய முயலாதீர்கள். உபுண்டுவில் ரூட் கணக்கின் பாஸ்வேர்டு ஆரம்பத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, சுடோ கட்டளை மூலம்தான் நிர்வாக வேலைகளைச் செய்ய வேண்டும்.

தவறாகக் கொடுத்தால் அடுத்த வாய்ப்பு வரச் சில நொடிகள் ஆகும். பாஸ்வேர்டுகளை அடுத்தடுத்து வேகமாக முயன்று பார்ப்பவரைத் தடுக்கவே இந்தத் தாமதம். ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.

உண்மையான காரணம்

மாமா உள்ளே நுழைந்தார். டி, எஃப் என்ற இரண்டு எழுத்துகள், ஒரு ஸ்பேஸ், மைனஸ் குறி, எச் ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பாக்கி என்று காட்டும் கட்டளை இது. சாய்கோடு மட்டும் உள்ள வரியில் 100 சதவீதம் என்று வந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது!

டெஸ்க்டாப் திறக்கும்போது சின்னச் சின்ன ஃபைல்களை எழுத வேண்டியிருக்கும். எழுத இடம் இல்லையென்றால் அது திறக்காமல் லாகின் பக்கத்துக்கே திரும்பிவிடும். டெர்மினலுக்கு அந்தத் தேவை மிகக் குறைவு, அதனால்தான் அது உள்ளே விட்டது.

இடம் ஒதுக்கப் பாதுகாப்பான முதல் வழி, சுடோ ஏபிடி கிளீன் என்ற கட்டளை. சுடோ, ஏபிடி, கிளீன் மூன்றையும் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில், இடையில் ஸ்பேஸ் விட்டு டைப் செய்யுங்கள். சாஃப்ட்வேர்களை நிறுவுவதற்காக டவுன்லோடு செய்து வைத்த பழைய பேக்கேஜ் ஃபைல்களை மட்டுமே இது நீக்கும், உங்கள் போட்டோக்களைத் தொடாது. மாமாவுக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி இடம் கிடைத்தது. ரீஸ்டார்ட் செய்ததும் டெஸ்க்டாப் திறந்துகொண்டது. உள்ளே போய்ப் பார்த்தால், அழித்துவிட்டதாக அவர் நினைத்த சினிமாப் படங்கள் அத்தனையும் குப்பைத் தொட்டியிலேயே கிடந்தன. தொட்டியைக் காலி செய்யும்வரை டிஸ்க்கில் இடம் திரும்பக் கிடைக்காது.

வெளியே வருவதும் முக்கியம்

ரீஸ்டார்ட் செய்யாமல் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தியும் டெஸ்க்டாப் லாகின் பக்கத்துக்குத் திரும்பலாம். ஆனால் அப்படிச் செய்தால் கறுப்புத் திரையில் உங்கள் லாகின் திறந்தபடியே இருக்கும். டெஸ்க்டாப்பைப் பூட்டினாலும் அது பூட்டிக்கொள்ளாது. யாராவது எஃப்3 அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலேயே உங்கள் ஃபைல்களைத் திறக்கலாம், அழிக்கலாம். முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான். எனவே எக்ஸிட் என்று டைப் செய்து லாக்அவுட் ஆனபின் திரும்புங்கள். காலி வரியில் கன்ட்ரோலுடன் டி அழுத்தினாலும் போதும்.

லாக்அவுட்டில் வழக்கமாக வரும் தொல்லைகள் மூன்று.

முதலாவது, எக்ஸிட் கொடுத்ததும் "ஸ்டாப்டு ஜாப்ஸ்" இருப்பதாகச் செய்தி வருவது. விண்டோஸ் பழக்கத்தில், செய்ததை ரத்து செய்ய விம் எடிட்டரில் கன்ட்ரோலுடன் இஸட் அழுத்தியிருப்பீர்கள். இங்கே அது அந்த புரோகிராமை நிறுத்தி ஓரமாக வைத்துவிடும். எஃப், ஜி என்ற இரு எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் அது திரும்ப வரும். சேமித்துவிட்டு வெளியேறுங்கள். பொருட்படுத்தாமல் உடனே இன்னொரு முறை எக்ஸிட் கொடுத்தால் லாக்அவுட் ஆகும், ஆனால் சேமிக்காத வேலையை இழக்க நேரிடும்.

இரண்டாவது, திரை உறைந்து நிற்பது. ஃபைலைச் சேமிக்கும் நினைப்பில் கன்ட்ரோலுடன் எஸ் அழுத்தினீர்களா? டெலிடைப் மெஷின் காலம் முதல், டெர்மினலில் வரும் எழுத்துகளை நிறுத்தி வைக்கும் கட்டளை அது. கன்ட்ரோலுடன் க்யூ அழுத்தினால் மறுபடியும் ஓடும்.

மூன்றாவது, எக்ஸிட் கொடுத்தும் வெளியே போகாமல் இருப்பது. இடையில் வேறு யூசராக மாறியிருந்தால் முதல் எக்ஸிட் அந்த யூசரை மட்டுமே வெளியேற்றும். இன்னொரு எக்ஸிட் கொடுங்கள். வரியின் முடிவில் டாலர் குறி இருந்தால் சாதாரண யூசர், ஹேஷ் குறி இருந்தால் ரூட் என்று புரிந்துகொள்ளலாம்.

லாகின் ஆகவில்லை என்பதற்காக ஃபார்மட் செய்ய யாராவது சொன்னால், முதலில் எஃப்3 திரையைப் பாருங்கள், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் நான் மாமாவுக்குச் செய்த முதல் வேலை, ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொடுத்து, பத்திரங்களையும் போட்டோக்களையும் காப்பி எடுக்க வைத்ததுதான். அதை நீங்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள்.