கழிச்சலும் பூச்சியும்: புழக்கடைக் கோழியின் நோய்ப்பெயர்கள்

உறையூர்க்குக் கோழி என்றொரு பெயர் உண்டென்பதும், யானையைக் கோழி பொருது வென்ற இடம் அஃது என்னும் கதை அப்பெயர்க்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் தமிழ் பயில்வார் அறிந்தனவே. வாரணம் என்னும் சொல் யானைக்கும் கோழிக்கும் பொதுவாய் நிற்றலை இக்கதையோடு சேர்த்து எண்ணி இன்புறுதல் கூடும். இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாகிவிட்ட அவ்வூரின் மேற்கே, கரூர்ச் சாலையில், காவிரியின் தென்கரைப் பகுதியில் அமைந்தது ஜீயபுரம். நெல்லும் வாழையும் விளையும் இப்பகுதியில், நம் நாட்டுப் பிற சிற்றூர்களிற் போலவே, புழக்கடையில் பஞ்சாரம் கவிழ்த்து நாலைந்து கோழி வளர்த்தல் பெரும்பாலும் பெண்டிர் கைத்தொழில். அக்கோழிகட்கு நோய் வந்தவிடத்து வழங்கும் சொற்கள் சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒரு சொல் பல பொருள் குறித்து நிற்றல் செய்யுளில் அணியாகலாம். மருந்துப் புட்டியின்மேல் நிற்குமாயின் அதன் விளைவு வேறு.

முதற்கண் கழிச்சல் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கழி என்னும் வினையடியாகப் பிறந்த இத்தொழிற்பெயர் வயிற்றுப்போக்கைக் குறிப்பது. வெள்ளைக் கழிச்சல், இரத்தக் கழிச்சல் என நிறத்தால் அடைபெற்று வரும். எச்சத்தைக் கண்டு இட்ட பெயர்கள் இவை. கண்ணுக்குப் புலனாகும் குறி கொண்டு நோய்க்குப் பெயரிடுதல் எம்மொழிக்கும் இயல்பேயாம். ஆயின் எச்சத்தின் நிறம் ஒன்றாயின் நோயும் ஒன்றாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. வெள்ளைக் கழிச்சல் என்று ஊரார் கூறும்போது குறைந்தது இரண்டு நோய்கள் அதனுள் அடங்குகின்றன.

அவற்றுள் தலையாயது இராணிக்கெட் நோய். இது வைரசால் வருவது. 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப்புறத்தும் இந்நோய் கண்டறியப்பட்டமையின் மேலைநாட்டார் அதனை நியூகாசில் நோய் என்றனர். சிறிது காலத்திற்குப்பின் இமயச் சாரலில், குமாயூன் பகுதியிலுள்ள இராணிகேத் என்னும் ஊரில் அது காணப்பட்டது; இந்தியாவில் அவ்வூர்ப்பெயரே நோய்ப்பெயராக நிலைத்தது. இதற்குரிய தடுப்பு மருந்தைச் செய்யும் நிலையம் 1932 முதல் நம் இராணிப்பேட்டையில் உள்ளது. இவ்விரு பெயர்க்கும் ஒலியொப்புமையன்றி உறவில்லை என்பதை மாணவர் நினைவிற் கொள்க. இந்நோய் வயது பாராது. குஞ்சு, விடை, அடைக்கோழி, சேவல் எல்லாம் ஓரிரு நாள் இடையிட்டுச் சாயும். வெள்ளையும் பச்சையும் கலந்த எச்சம், வாய்திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுகித் தலை திரும்புதல், காலும் இறக்கையும் செயலற்றுப் போதல் ஆகியவை அதன் குறிகள். வந்தபின் தீர்க்கும் மருந்து இதற்கில்லை.

இரண்டாவது, சால்மொனெல்லா வகைப் பாக்டீரியாவால் வருவது. இது தாய்க்கோழியின் முட்டை வழியே குஞ்சுக்குச் செல்லும். பொரித்த முதல் மூன்று கிழமைகளிலேயே பெரும்பாலும் கொல்லும். சுண்ணாம்புக் குழம்பு போன்ற எச்சம் குஞ்சின் பின்புறத்தில் ஒட்டி உலர்ந்து அடைத்துக்கொள்ளும். ஆங்கில நூலாரும் இதனை முன்னாளில் வெள்ளைக் கழிச்சல் என்னும் பொருள்படவே வழங்கினர். பிற நோய்களோடு மயங்குதல் கண்டு, பின்னர்ப் புல்லோரம் எனப் பெயர் மாற்றிக்கொண்டனர். இந்நோய்க்கு மருந்துண்டு, எனினும் பிழைத்த கோழி நோயைத் தன்னுள் சுமந்து திரியும் ஆதலின், அதன் முட்டையை அடைவைத்தல் ஆகாது.

இரத்தக் கழிச்சல் இவ்விரண்டினும் வேறு. குடற்சுவரில் வாழும் ஓரணு ஒட்டுயிர் இதற்குக் காரணம். ஏறக்குறைய மூன்று முதல் எட்டுக் கிழமை வயதுடைய குஞ்சுகளை இது பெரிதும் தாக்கும். ஈரத்தரையில் பெருகும். உய்யக்கொண்டான் போன்ற வாய்க்கால்கள் பாயும் ஊர்களில், மழைக்காலத்தில் பஞ்சாரத்தை ஒரே இடத்திற் கவிழ்த்து வைத்தல் இதற்கு வழிதிறந்து விடுதலாகும். குடிநீரில் ஆம்புரோலியம் கலந்து கொடுத்தலும் தரையை உலர வைத்தலும் இதற்குரிய முறைகள்.

இனி இப்பெயர் மயக்கத்தால் வரும் இழப்பைக் காண்போம். தமிழ்நாட்டரசின் கால்நடைத் துறையினர் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் இருவாரம் நடத்திவரும் முகாமுக்குக் கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் என்பது பெயர். அவ்வூசி தடுப்பது இராணிக்கெட் ஒன்றையே. ஆயின் பெயரைக் கேட்பவள் கழிச்சல் அனைத்தையும் அது தடுக்கும் என்றே கொள்வாள். சொல்லின் பொருள் அதுவாதலின் அவள்மேற் குற்றமில்லை. ஊசியிட்ட சின்னாளில் குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்து சாகுமாயின், ஊசி பொய் என்று முடிவு செய்து மறுஆண்டு கோழியைக் கொண்டு வாராள். அவ்வாண்டில் இராணிக்கெட் புகுமாயின் பஞ்சாரம் ஒருங்கே வெறுமையாகும். ஊசியிடுமுன்பே நோய் தொற்றியிருந்த கோழி ஊசிக்குப்பின் இறத்தலும் உண்டு. அதுவும் ஊசியின் கணக்கிலேயே ஏறும். குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் கிழமையில் ஊசி என்பது வழக்கமான முறை. இம்மருந்துகள் வெப்பம் தாங்கா. குளிரிலேயே வைத்தல் வேண்டும். இவ்விடரை நீக்க ஆஸ்திரேலியாவில் கண்ட வி4 என்னும் வெப்பந்தாங்கும் வகையை 1980-களில் மலேசியாவில் தீனியோடு கலந்து ஊட்டிப் பார்த்தனர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் டி58 என்னும் வகையைக் கொண்டு குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்து ஆக்கினர். கோழி தானே கொத்தித் தின்னும் மருந்து ஊசியினும் ஊர்க்கு ஏற்றது என்பதில் எமக்கு ஐயமில்லை.

பூச்சி என்னும் சொல்லின் நிலை இதனினும் அஞ்சத்தக்கது. பறப்பதும் ஊர்வதுமாகிய சிற்றுயிர்களையும், நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி எனக் குடலில் வாழும் புழுக்களையும் தமிழ்வழக்கு இவ்வொரு சொல்லாற் குறிக்கின்றது. பூச்சி தின்னும் கோழிக்கே பூச்சி வரும் என்றால் வேடிக்கை போலத் தோன்றும்; உண்மையோ அதுவே. எறும்பு, வண்டு, ஈ முதலியன நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுமந்து கோழியின் வயிற்றுட் சேர்க்கின்றன. உருளைப்புழுவின் முட்டை எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் சூடும் வாய்ப்பின் ஏறக்குறைய இருவாரத்தில் தொற்றும் ஆற்றல் பெறும். கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி, தீனி தின்றும் இளைக்கும் கோழியிற் புழு உண்டெனக் கருதலாம்.

இதற்குத் தரும் மருந்தின் பெயரும் பேச்சு வழக்கிற் பூச்சி மருந்தே. வயலில் தெளிக்கும் நஞ்சின் பெயரும் அதுவே. குழந்தைக்குப் பூச்சி மருந்து கொடுத்தேன் என்று தாய் கூறுங்கால் எவரும் நடுங்குவதில்லை; நெல்லுக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் குடித்தார் என்றால் ஊர் கூடிவிடும். இவ்வேறுபாட்டைச் சொல் காட்டவில்லை, சூழலே காட்டுகின்றது. கோழிப்பேனுக்கும் உண்ணிக்கும் மருந்து தேடுமிடத்தோ சூழலும் கைவிடுகின்றது. பேனும் பூச்சி, வயலிலுள்ளதும் பூச்சி. ஆதலின் வயலில் மிஞ்சிய நஞ்சைக் கோழிமேல் தெளித்தலும், அதில் முக்கி எடுத்தலும் நேர்கின்றன. பயிர்நஞ்சுகளுட் பாஸ்பரஸ் சேர்ந்த வகை நரம்பின் தொழிலைக் குலைப்பது; பறவையினம் அதனைத் தாங்காது. பிழைத்த கோழியின் முட்டையிலும் நஞ்சு தங்கும். அம்முட்டை வீட்டுக் குழந்தைக்கே செல்லும்.

கோழியின் மேலுயிர்களும் ஒருதன்மையன அல்ல. பேன் தன் வாழ்நாள் முழுவதும் கோழி உடலிலேயே கழிப்பது. சாம்பலும் மணலும் கலந்த குழியிற் கோழியைப் புரளவிடும் பழைய முறை இதனைக் குறைக்கும். மருந்திடினும் ஈர் சாவதில்லையாதலின் ஏழு முதல் பத்து நாளில் மறுமுறை இடுதல் வேண்டும். செஞ்சிலந்திப் பேனும் வளர்ந்த உண்ணியும் பகலில் கூட்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் வந்து குருதி குடிப்பன. கோழியைப் பகலிற் சோதித்து ஒன்றுமில்லை என்பார் இதனாலேயே ஏமாறுவர். இங்கு மருந்து வேண்டுவது கூட்டுக்கு. இடுக்குகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசாமற் கோழியை மட்டும் கழுவுதல் பயன்தராது.

அம்மை என்னும் பெயரோ ஒருவாறு நன்கு அமைந்தது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் எழுப்பும் இந்நோயின் வைரசைப் பெரியம்மை வைரசோடு ஒரு குடும்பத்துள் வைத்தே அறிவியலாரும் எண்ணுவர். மக்கட்கு இது தொற்றாது. கொசு இதனைப் பரப்பும். வைரசைக் கொல்லும் மருந்தின்மையால், நோயுற்றதைத் தனியே அடைத்து வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் காத்திருக்கும் ஊர்வழக்கம் குறைகூறத்தக்கதன்று. முன்னரே இடுதற்குத் தடுப்பூசியும் உண்டு.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள தமிழ்த்துறைகள் இவ்வகைச் சொற்களையும் நோக்குதல் வேண்டும். குடற்புழு என்னும் நல்ல சொல் அலுவலக வழக்கில் உள்ளது. மருந்துப் புட்டியிலும் பேச்சிலும் அது பரவுமாறு செய்தலே எஞ்சிய பணி. பயிர்க்குரியதைப் பயிர்நஞ்சு என்றே எழுதலாம். மருந்து என்னும் சொல்லை அதற்கு ஈதல் தகாது. முகாமின் பெயரில் கழிச்சலை நீக்கி இராணிக்கெட் என்று வைத்தல் கேட்பார்க்கு விளங்காது என்பர் சிலர். விளங்காத சொல்லாயின் பொருள் கேட்பர். விளங்கியது போலத் தோன்றும் சொல்லாயின் கேளார். கழுத்து முறுகுதல் இந்நோயை எளிதிற் காட்டும் குறியாதலின் கழுத்துமுறுகல் நோய் என்பது ஒருகால் பொருந்தலாம். இதனினும் ஏற்ற பெயர் ஜீயபுரத்துப் பெண்டிர் வழக்கிலேயே இருத்தலும் கூடும். அதனைச் சென்று கேட்டுத் தொகுத்தல் முதுகலை மாணவர் ஒருவர்க்கு ஓராண்டுப் பணியாகும்.